60 வயது டிராக்டர் மீண்டும் புல் வெட்டுமா?

மாணவர்களே, பள்ளித் திடலில் புல் வெட்டும் தொழிலாளியைக் கவனித்திருப்பீர்கள். தோளில் ஒரு சிறிய என்ஜின், கையில் நீண்ட குழாய், அதன் நுனியில் சுழலும் நைலான் கயிறு. நம் வட்டாரத்தில் சாலையோரப் புல் பெரும்பாலும் இப்படித்தான் வெட்டப்படுகிறது.

அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்களில் நிலைமை வேறு. அங்கே பல வீடுகளைச் சுற்றி அரைக் காற்பந்துத் திடல் அளவுக்குப் புல்தரை இருக்கும். அதை வாராவாரம் நடந்து வெட்டி முடிக்க முடியாது. அதனால் மக்கள் ஒரு குட்டி டிராக்டரில் அமர்ந்து வெட்டுகிறார்கள். இப்படிப்பட்ட டிராக்டர்கள் 1950களிலும் 1960களிலும் பெருமளவில் வந்தன. அவற்றுள் பல இன்றும் கொட்டகைகளில் தூசி படிந்து நிற்கின்றன. அவற்றைத் தேடிப் பிடித்து, பழுதுபார்த்து, மறுபடியும் புல் வெட்டப் பயன்படுத்துவது பலருக்கு ஒரு பொழுதுபோக்கு.

இந்த வாரம் அந்தக் கொட்டகைக்குள் நாமும் நுழைவோம். இரண்டு கேள்விகளுக்கு விடை காண்போம். ஓடாத இயந்திரத்தில் கோளாறு எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஓடத் தொடங்கிய பிறகு அதை நம்பலாம் என்று எப்படி முடிவு செய்வது? முதல் கேள்வியோடு நிறுத்திக்கொள்பவர்கள் பலர். ஆபத்து இருப்பது இரண்டாவது கேள்வியில்தான்.

துணி ஆலையிலிருந்து புல்தரைக்கு

புல்வெட்டும் இயந்திரத்தை முதலில் உருவாக்கியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த எட்வின் பட்டிங். ஸ்ட்ரவுட் என்னும் ஊரில் துணி ஆலைகள் இருந்தன. நெய்த கம்பளித் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளைச் சீராக வெட்டும் ஓர் இயந்திரம் அந்த ஆலைகளில் இருந்தது. அதே முறையில் புல்லையும் வெட்டலாமே என்று அவருக்குத் தோன்றியது. 1830இல் அவர் காப்புரிமை பெற்றார். அது கையால் தள்ளும் இயந்திரம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் புறநகர் வீடுகள் பெருகின. 1946இல் இண்டியானா மாநிலத்தின் சவுத் பெண்ட் நகரில் செசில் பாண்ட் என்பவர் தொடங்கிய தொழில், 'வீல் ஹார்ஸ்' என்ற பெயரில் தோட்ட டிராக்டர்களைத் தயாரித்தது. 1960களின் தொடக்கத்தில் இண்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் கெண்டக்கியின் லூயிவில் நகரில் 'கப் கேடட்' என்னும் குட்டி டிராக்டரைத் தயாரித்தது. 1963இல் ஜான் டியர் நிறுவனம் '110' என்ற மாதிரியைக் கொண்டுவந்தது.

இங்கே ஒரு சுவையான செய்தி உண்டு. முதல் கப் கேடட், முதல் ஜான் டியர் 110 ஆகிய இரண்டுமே கோலர் நிறுவனத்தின் ஒற்றைச் சிலிண்டர் என்ஜினில் ஓடின. ஆம், குளியலறைத் தொட்டிகளுக்குப் பெயர்போன அதே கோலர்தான். அந்த என்ஜினின் திறன் 7 குதிரைத்திறன். ஒரு குதிரைத்திறன் 746 வாட். ஆகவே 7 குதிரைத்திறன் ஏறக்குறைய 5.2 கிலோவாட். ஒரு சிறிய கப்சாய் மோட்டார் சைக்கிளின் என்ஜின் திறனும் ஏறக்குறைய இந்த அளவுதான்.

அறுபது ஆண்டுகள் கடந்தும் இவை மீண்டும் உயிர் பெறுவது எப்படி? என்ஜினின் உடல் கனமான வார்ப்பிரும்பு. பாகங்கள் ஒட்டி மூடப்படாமல் போல்ட்டுகளால் இணைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றையும் கழற்றலாம், அளக்கலாம், தேய்ந்ததை மட்டும் மாற்றலாம். ஒரே என்ஜினைப் பல நிறுவனங்கள் பயன்படுத்தியதால் உதிரிபாகங்களும் இன்றுவரை கிடைக்கின்றன.

முதல் விதி: உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள்

இருபது ஆண்டுகள் நின்ற டிராக்டரைப் பார்த்ததும் எவருக்கும் தோன்றும் முதல் ஆசை, புதிய பேட்டரியை இணைத்துச் சாவியைத் திருப்புவது. அதைச் செய்யக்கூடாது. சிலிண்டருக்குள் துரு இருந்தால் பிஸ்டன் வளையங்கள் உடையலாம். ஆயில் கெட்டிருந்தால் சில நிமிடங்களில் என்ஜின் பாழாகலாம்.

முதலில் ஸ்பார்க் பிளக்கின் வயரைக் கழற்றி ஒதுக்கி வைக்க வேண்டும். என்ஜினையோ வெட்டும் தகட்டையோ கையால் சுழற்றும்போது தற்செயலாகப் பற்றிக்கொள்ளாமல் இருக்க இதுவே காவல். பிறகு பழைய ஆயிலை ஒரு வெள்ளைப் பாத்திரத்தில் வடித்துப் பாருங்கள். மருத்துவர் இரத்தத்தைச் சோதிப்பது போல, ஆயிலும் உள்ளே நடந்ததைச் சொல்லும். பால் கலந்தது போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. உலோகத் துகள்கள் மின்னினால் உள்பாகங்கள் தேய்ந்திருக்கின்றன. பெட்ரோல் வாடை வீசினால் கார்புரேட்டர் ஒழுகி, பெட்ரோல் ஆயிலோடு கலந்திருக்கிறது.

இந்தப் பழைய கோலர் என்ஜின்களில் ஆயிலைச் செலுத்தும் பம்பு கிடையாது. பிஸ்டனோடு இணைந்த தண்டின் அடியில் ஒரு சிறிய கரண்டி போன்ற பகுதி உண்டு. அது ஒவ்வொரு சுற்றிலும் ஆயிலில் முங்கி, அதை எல்லாப் பக்கமும் தெறிக்க வைக்கும். ஆயில் மட்டம் குறைந்தால் கரண்டிக்கு எதுவும் எட்டாது. அலுமினியத்தால் ஆன அந்தத் தண்டு சூடேறி உடைந்தால், என்ஜினின் சுவரையே துளைத்துக்கொண்டு வெளியே வரக்கூடும்.

அடுத்து, என்ஜினை மூடியிருக்கும் தகர உறையைக் கழற்றுங்கள். இவை காற்றால் குளிரும் என்ஜின்கள். சிலிண்டரைச் சுற்றியுள்ள மெல்லிய உலோக மடிப்புகள்தாம் வெப்பத்தை வெளியேற்றுகின்றன. கொட்டகையில் நின்ற டிராக்டரில் அந்த மடிப்புகளுக்கு இடையே எலிக்கூடு இருப்பது மிகச் சாதாரணம். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அதை அகற்றாமல் ஓட்டினால் என்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகிவிடும்.

நான்கு கேள்விகள்

பெட்ரோல் என்ஜின் ஓட நான்கு தேவைகள் உண்டு. அது தடையின்றிச் சுழல வேண்டும். சிலிண்டருக்குள் காற்று அமுக்கப்பட வேண்டும். சரியான நேரத்தில் தீப்பொறி வர வேண்டும். காற்றும் பெட்ரோலும் சரியான அளவில் கலந்து வர வேண்டும். ஓடாத என்ஜினில் இவற்றுள் ஏதோ ஒன்று குறைகிறது. எது என்று ஊகிக்கத் தேவையில்லை. ஒவ்வொன்றாகச் சோதிக்கலாம்.

கேள்வி 1: சுழல்கிறதா? ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, ஃபிளைவீல் எனப்படும் கனமான சக்கரத்தைக் கையால் மெல்லத் திருப்புங்கள். அசையவில்லை என்றால் பிளக் துளை வழியாகத் துரு இளக்கும் எண்ணெயை ஊற்றிச் சில நாள்கள் காத்திருக்க வேண்டும். சுத்தியலால் அடிப்பதும், டிராக்டரைக் கயிறு கட்டி இழுப்பதும் பாகங்களை உடைக்கும். இங்கே பொறுமைதான் கருவி.

கேள்வி 2: அமுக்குகிறதா? வழக்கமாக இதை அழுத்தமானி கொண்டு அளப்பார்கள். ஆனால் பல கோலர் என்ஜின்களில் ஸ்டார்ட் செய்வதை எளிதாக்க, குறைந்த வேகத்தில் வால்வைச் சற்றே திறந்து வைக்கும் அமைப்பு உண்டு. அதனால் நல்ல என்ஜினிலும் மானி குறைந்த அளவையே காட்டும். இதை அறியாதவர்கள் நல்ல என்ஜினைக் கெட்டது என்று ஒதுக்கிவிடுவார்கள். எனவே பிளக்கை மாட்டிவிட்டு, ஃபிளைவீலை வழக்கத்துக்கு எதிர்த் திசையில் வேகமாகத் திருப்ப வேண்டும். அமுக்கம் சரியாக இருந்தால் சக்கரம் பந்துபோல் திரும்பித் துள்ளும்.

துள்ளவில்லையா? பிஸ்டன் மேலே, இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும் நிலையில் என்ஜினை அசையாமல் பிடித்து வைத்து, பிளக் துளை வழியாக அழுத்தக் காற்றைச் செலுத்திக் காது கொடுத்துக் கேட்பார்கள். புகைக்குழாயில் 'உஸ்' என்ற சத்தம் வந்தால் வெளியேற்றும் வால்வு சரியாக மூடவில்லை. கார்புரேட்டரில் வந்தால் உள்ளிழுக்கும் வால்வில் கோளாறு. ஆயில் ஊற்றும் துளையில் வந்தால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கின்றன. என்ஜினைத் திறக்காமலேயே கோளாறின் இடம் தெரிந்துவிடுகிறது.

கேள்வி 3: பொறி வருகிறதா? மின்காந்தத் தூண்டல் பாடத்தை இங்கே நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். பேட்டரியின் மின்னோட்டம் ஒரு கம்பிச்சுருளின் வழியே பாய்ந்து காந்தப்புலத்தை உருவாக்குகிறது. 'பாயிண்ட்' எனப்படும் இரண்டு சிறிய உலோக முனைகள் பிரியும்போது மின்னோட்டம் சட்டென்று அறுபடுகிறது. காந்தப்புலம் சரிகிறது. அருகிலுள்ள, பல மடங்கு அதிகச் சுற்றுகள் கொண்ட இரண்டாம் சுருளில் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. அதுவே பிளக்கில் பொறியாகத் தாவுகிறது.

பல ஆண்டுகள் நின்ற டிராக்டரில் அந்த முனைகளின் மேல் ஆக்சைடு படலம் படிந்திருக்கும். மின்னோட்டம் கடக்காது. காந்தப்புலம் இல்லை, பொறியும் இல்லை. முனைகளைச் சுத்தம் செய்து, இடைவெளியை மெல்லிய அளவுத்தகட்டால் சரிசெய்ய வேண்டும். இந்த என்ஜின்களுக்கு அந்த இடைவெளி 0.020 அங்குலம், அதாவது சுமார் 0.5 மில்லிமீட்டர். பெரிய கோளாறு என்று பயந்த டிராக்டர் இந்தப் பத்து நிமிட வேலையில் எழுந்துகொள்வது உண்டு.

கேள்வி 4: எரிபொருள் வருகிறதா? பழைய பெட்ரோலின் எளிதில் ஆவியாகும் பகுதி போய்விடும். மிஞ்சுவது வார்னிஷ் போன்ற பிசின். அது கார்புரேட்டரின் நுண்ணிய துளைகளை அடைத்துக்கொள்ளும். இன்று அமெரிக்காவில் விற்கும் பெட்ரோலில் பெரும்பாலும் எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். அந்தக் காலத்து ரப்பர் குழாய்களையும் அரிக்கும். எனவே தொட்டியைக் கழுவி, ரப்பர் குழாய்கள் அனைத்தையும் புதிதாக மாற்றுவது நல்லது.

கார்புரேட்டரைக் கழற்றினால் அடைபட்ட துளையைக் கம்பியால் குத்தாதீர்கள். துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் பெட்ரோலின் அளவு மாறிவிடும். அதற்கான திரவத்தில் ஊற வைத்துக் காற்றால் ஊதுவதே முறை. உள்ளே இருக்கும் மிதவையைக் காதருகே குலுக்கிப் பாருங்கள். 'சளக் சளக்' என்று கேட்டால் அதில் ஓட்டை இருக்கிறது. ஓட்டை மிதவை மிதக்காது. பெட்ரோல் நிற்காமல் வழியும்.

இந்த நான்கு சோதனைகளிலும் ஒரு பொது விதி உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பிளக், பாயிண்ட், கார்புரேட்டர் மூன்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு என்ஜின் ஓடினால், எது குற்றவாளி என்று உங்களுக்குத் தெரியாது. ஓடாவிட்டால் நிலைமை இன்னும் மோசம். அறிவியல் கூடத்தில் மாறிகளைக் கட்டுப்படுத்தச் சொல்வது இதற்காகத்தான்.

புல் வெட்டும் பகுதி

என்ஜின் ஓடிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போது டிராக்டரின் வயிற்றுக்கு அடியில் குனிந்து பாருங்கள். கவிழ்த்து வைத்த தட்டுபோல் ஓர் இரும்பு உறை தொங்கும். இதை 'டெக்' என்பார்கள். அதற்குள் இரண்டு அல்லது மூன்று எஃகுத் தகடுகள் படுக்கைவாட்டில் சுழலும். என்ஜினின் கப்பியிலிருந்து ஒரு பெல்ட் இவற்றைச் சுழற்றுகிறது.

தகட்டின் முன்விளிம்பு கூர்மையாக இருக்கும். பின்விளிம்பு சற்று மேல்நோக்கி வளைந்திருக்கும். இந்த வளைவு சுழலும்போது காற்றை மேலே தள்ளுகிறது. படுத்திருக்கும் புல் நிமிர்ந்து, ஒரே உயரத்தில் வெட்டுப்பட்டு, பக்கவாட்டு வாயில் வழியே வெளியே பறக்கிறது. மழுங்கிய தகடு புல்லை வெட்டாமல் கிழிக்கும். கிழிந்த நுனி காய்ந்து, புல்தரை முழுதும் பழுப்பேறித் தெரியும்.

ஈரப் புல் டெக்கின் உள்புறம் ஒட்டிக்கொண்டு அதை அரிக்கும். எனவே துரு எவ்வளவு ஆழம் என்று பார்க்க வேண்டும். தட்டிப் பார்த்தால் ஓட்டை விழும் அளவுக்கு மெலிந்த டெக்கைப் பூசி மறைக்கக் கூடாது. தகடு எறியும் கல்லைத் தடுத்து நிறுத்தும் கவசமே அதுதான்.

தகட்டைக் கூர்தீட்டிய பின் அதன் நடுத்துளையை ஓர் ஆணியில் மாட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கம் கனம் அதிகம். 'பத்து கிராம்தானே' என்று விட்டுவிடலாமா? கணக்குப் போடுவோம்.

தகடு நிமிடத்துக்கு 4,000 முறை சுழல்கிறது என்று கொள்வோம். விநாடிக்கு ஏறக்குறைய 66.7 சுற்று. கோண வேகம் 2 × 3.14 × 66.7, அதாவது சுமார் 419 ரேடியன். மையத்திலிருந்து 20 சென்டிமீட்டர் தூரத்தில் 10 கிராம் அதிகமாக இருந்தால், அதை வட்டப்பாதையில் பிடித்து வைக்கத் தேவையான விசை:

0.01 × 419 × 419 × 0.2 = சுமார் 351 நியூட்டன்

இது 36 கிலோகிராம் பொருளின் எடைக்குச் சமம். அதாவது 36 கிலோ மூட்டை ஒன்று விநாடிக்கு 66 முறை திசை மாறி மாறித் தகட்டின் அச்சை இழுக்கிறது. அச்சைத் தாங்கும் பேரிங் தேயாமல் என்ன செய்யும்? பத்து கிராம் என்பது இரண்டு தேக்கரண்டி சர்க்கரைதான். சுழற்சி அதை மூட்டையாக்கிவிடுகிறது.

கப்பி சிறியது, ஆபத்து பெரியது

பழைய டிராக்டருக்குச் சரியான கப்பி கிடைக்காதபோது, கையில் கிடைத்ததை மாட்டும் பழக்கம் சிலருக்கு உண்டு. 'சிறிய கப்பி போட்டால் தகடு இன்னும் வேகமாகச் சுழலும், நன்றாக வெட்டும்' என்று வேண்டுமென்றே மாற்றுபவர்களும் உண்டு. இதையும் கணக்கிட்டுப் பார்ப்போம்.

என்ஜின் முழு வேகத்தில் நிமிடத்துக்கு 3,600 சுற்று. என்ஜின் கப்பியின் விட்டம் 10 சென்டிமீட்டர், தகட்டுக் கப்பியின் விட்டம் 9 சென்டிமீட்டர் என்று கொள்வோம். தகட்டின் வேகம் 3,600 × 10 ÷ 9 = 4,000 சுற்று. தகட்டின் நீளம் 40 சென்டிமீட்டர் என்றால், ஒரு சுற்றில் அதன் நுனி கடக்கும் தூரம் 1.257 மீட்டர். ஆகவே நுனியின் வேகம் விநாடிக்கு சுமார் 84 மீட்டர். மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல்!

இப்போது 9 சென்டிமீட்டர் கப்பிக்குப் பதில் 7 சென்டிமீட்டர் கப்பியை மாட்டுகிறோம். தகடு 5,143 முறை சுழலும். நுனியின் வேகம் விநாடிக்கு சுமார் 108 மீட்டர். அமெரிக்கத் தர விதிகள் புல்வெட்டித் தகட்டின் நுனிக்கு வகுத்துள்ள உச்ச வேகம் நிமிடத்துக்கு 19,000 அடி. அது விநாடிக்கு 96.5 மீட்டர். இரண்டே சென்டிமீட்டர் மாற்றத்தில் எல்லையைத் தாண்டிவிட்டோம்.

வேகம் 1.29 மடங்கானால் இயக்க ஆற்றல் அதன் இருமடியாக, அதாவது 1.65 மடங்காக உயர்கிறது. சரியான வேகத்தில் சுழலும்போதே அரைக் கிலோ எடையுள்ள ஒரு தகட்டில் 600 ஜூலுக்குச் சற்றே குறைந்த ஆற்றல் இருக்கிறது. ஒரு கிலோ கல்லை ஏறக்குறைய 20 மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து போட்டால் தரையைத் தொடும்போது அதற்கு இருக்கும் ஆற்றல் இது. டெக்கில் மூன்று தகடுகள் இருந்தால் மும்மடங்கு. ஆகவே கப்பியையும் தகட்டையும் அந்த மாதிரிக்குரிய அளவிலேயே வாங்க வேண்டும். இங்கே கஞ்சத்தனமும் கூடாது, கற்பனையும் கூடாது.

ஓடுகிறது சரி, நிற்கிறதா?

இனி நம் இரண்டாவது கேள்விக்கு வருவோம். இன்றைய புல்வெட்டி டிராக்டரில் தகடு சுழன்றுகொண்டிருக்கும்போது ஓட்டுநர் இருக்கையை விட்டு எழுந்தால் என்ஜின் தானாக நின்றுவிடும். 1960களின் டிராக்டர்கள் பெரும்பாலானவற்றில் இந்த வசதி இல்லை. ஓட்டுநர் தவறி விழுந்தாலும் தகடு சுழலும், வண்டியும் நகரும். அந்தக் காலத்து வடிவமைப்பில் நாம் அப்படியே காப்பாற்றக் கூடாத பகுதி இதுதான்.

நல்ல செய்தி என்னவென்றால், பேட்டரியால் பொறி உண்டாகும் டிராக்டரில் இதைச் சேர்க்க இரண்டு சுவிட்ச் போதும். ஒன்று இருக்கைக்கு அடியில். ஆள் உட்கார்ந்தால் மூடும், எழுந்தால் திறக்கும். மற்றொன்று தகட்டை இயக்கும் நெம்புகோலில். தகடு நின்றிருக்கும் நிலையில் மூடும், இயங்கும் நிலையில் திறக்கும். இந்த இரண்டையும் பக்க இணைப்பில் சேர்த்து, பொறிச் சுருளுக்கு மின்சாரம் இவற்றின் வழியே மட்டும் செல்லுமாறு அமைக்க வேண்டும்.

என்ன நடக்கும் என்று பாருங்கள்:

ஆள் இருக்கிறார், தகடு நின்றிருக்கிறது: இரண்டு சுவிட்சும் மூடியவை. என்ஜின் ஓடும்.
ஆள் இருக்கிறார், தகடு சுழல்கிறது: இருக்கைச் சுவிட்ச் மூடியது. என்ஜின் ஓடும்.
ஆள் இறங்கிவிட்டார், தகடு நின்றிருக்கிறது: நெம்புகோல் சுவிட்ச் மூடியது. என்ஜின் ஓடும்.
ஆள் இறங்கிவிட்டார், தகடு சுழல்கிறது: இரண்டும் திறந்தவை. மின்சாரம் இல்லை. என்ஜின் நிற்கும்.

நான்கு நிலைகளில் ஆபத்தான ஒன்றை மட்டும் இந்தச் சுற்று தடுக்கிறது. பேட்டரி இல்லாமல் காந்தத்தால் பொறி உண்டாக்கும் மேக்னெட்டோ வகையில் இணைப்பு முறை வேறு. அங்கே சுருளைச் சட்டத்தோடு இணைத்தால்தான் என்ஜின் நிற்கும். எந்த வகையானாலும் வேலையை அறிந்த பெரியவர் ஒருவர் செய்து, பிறகு சோதித்துப் பார்க்க வேண்டும்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. என்ஜின் நின்ற கணமே தகடு நிற்பதில்லை. அதற்குள் இருக்கும் இயக்க ஆற்றல் தீரும்வரை சுழலும். தள்ளிக்கொண்டு நடக்கும் புல்வெட்டிகளில், கைப்பிடியை விட்ட 3 விநாடிக்குள் தகடு நிற்க வேண்டும் என்று அமெரிக்காவில் 1982 முதல் விதி இருக்கிறது. அதற்கும் முன் பிறந்த நம் டிராக்டருக்கு அந்த விதி தெரியாது. எனவே தகட்டை நிறுத்திய பின் சத்தம் முழுதும் அடங்கும்வரை இருக்கையில் அமர்ந்தே இருப்பது ஓட்டுநரின் கடமை. அடைபட்ட புல்லை எடுக்கக் கை நீட்டும் முன் என்ஜினை அணைத்து, பிளக் வயரையும் கழற்ற வேண்டும்.

வண்டியின் பிரேக்கையும் மறக்காதீர்கள். சமதரையில் மட்டும் சோதித்துவிட்டு 'பிரேக் நன்றாக இருக்கிறது' என்று சொல்வது தேர்வுக்கு முன் எளிய கணக்கை மட்டும் போட்டுப் பார்ப்பது போன்றது. சிறு சரிவில் நிறுத்தி வைத்துப் பார்க்க வேண்டும்.

பழைய பாகங்களில் வேறு சில அபாயங்களும் ஒளிந்திருக்கும். அந்தக் காலத்துச் சாயத்தில் ஈயம் இருக்கலாம். கிளட்ச், பிரேக் ஆகியவற்றின் உராய்வுப் பட்டைகளில் கல்நார் இருக்கலாம். அவற்றை உலர்ந்த நிலையில் தேய்த்தால் தூசி நுரையீரலுக்குள் போகும். ஈரமாக்கித் துடைப்பது, தகுந்த சுவாசக் கவசம் அணிவது கட்டாயம். மூடிய கொட்டகைக்குள் என்ஜினை ஓட்டவே கூடாது. மணமற்ற கார்பன் மோனாக்சைடு எச்சரிக்காமல் கொல்லும்.

புல்தரையில் முதல் நாள்

எல்லாச் சோதனைகளும் முடிந்தன. இப்போது டிராக்டர் புல்தரைக்கு வரலாம். ஆனால் முதலில் ஓட்டுநர் நடந்து வர வேண்டும். கல், எலும்புத்துண்டு, கம்பி, விளையாட்டுப் பந்து என்று கிடப்பதையெல்லாம் பொறுக்க வேண்டும். விநாடிக்கு 84 மீட்டர் வேகத்தில் பறக்கும் தகடு ஒரு கூழாங்கல்லைத் தோட்டாவாக்கும் என்று இப்போது உங்களுக்குத் தெரியும். குழந்தைகளும் செல்லப்பிராணிகளும் வீட்டுக்குள் இருக்க வேண்டும். பின்னோக்கி நகரும் முன் தகட்டை நிறுத்தி, தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

சரிவில் மேலும் கீழுமாக ஓட்ட வேண்டும். குறுக்காக ஓட்டினால் வண்டியின் எடை மையம் கீழ்ப்பக்கச் சக்கரங்களை நோக்கி நகர்ந்து, வண்டி கவிழலாம். 15 பாகைக்கு மேற்பட்ட சரிவு இத்தகைய வண்டிகளுக்கு உகந்ததன்று. தெறிக்கும் முறையில் ஆயில் பெறும் என்ஜினுக்குச் செங்குத்தான சரிவு இன்னொரு வகையிலும் தீங்கு. ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கிவிட்டால் கரண்டிக்கு எட்டாது.

வெட்டும்போது என்ஜின் முழு வேகத்தில் ஓட வேண்டும். வண்டி மெல்ல நகர வேண்டும். காற்றால் குளிரும் என்ஜினுக்கு வேகம் குறைந்தால் குளிர்ச்சியும் குறையும். புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் வெட்டக் கூடாது. இலைதான் புல்லின் உணவுக்கூடம் என்பது உயிரியல் பாடத்தில் நீங்கள் படித்தது.

கடைசியாகச் சாயம். பலர் இதைத்தான் முதலில் செய்வார்கள். பளபளக்கும் மஞ்சளும் பச்சையும் கண்ணைக் கவரும். ஆனால் மெலிந்த டெக்கையும் தேய்ந்த பிரேக்கையும் சாயம் மறைத்துவிடும். அதனால் எல்லாம் சோதித்த பிறகே தூரிகையை எடுக்க வேண்டும். சிலர் பழைய சாயத்தை அப்படியே விட்டுவிடுவதும் உண்டு. தேய்ந்த இருக்கையும் மங்கிய எழுத்தும் அந்த டிராக்டர் உழைத்த ஆண்டுகளின் அடையாளம் என்பது அவர்கள் கருத்து.

நம் வீடுகளில் தோட்ட டிராக்டர் இல்லை. ஆனால் ஓடாத மின்விசிறி, ஒளிராத விளக்கு, மிதிக்கும்போது கிறீச்சிடும் மிதிவண்டி உண்டு. அடுத்த முறை அவற்றில் ஒன்று பழுதானால் தூக்கிப் போடுவதற்கு முன், மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, ஒரு பெரியவரோடு அமர்ந்து கேள்விகளை வரிசையாக எழுதிப் பாருங்கள். எது வேலை செய்கிறது? எது செய்யவில்லை? ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். சரியாகி ஓடத் தொடங்கியதும் இன்னொரு கேள்வியையும் கேளுங்கள்: இது நிறுத்தும்போது நிற்குமா?

சிந்தித்துப் பாருங்கள்

1. என்ஜின் கப்பி 12 செ.மீ., தகட்டுக் கப்பி 10 செ.மீ., என்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று. தகடு எத்தனை சுற்று சுழலும்? தகட்டின் நீளம் 50 செ.மீ. என்றால் அதன் நுனி 96.5 மீட்டர் எல்லைக்குள் இருக்கிறதா?

2. கட்டுரையில் சொன்ன இருக்கைச் சுவிட்சையும் நெம்புகோல் சுவிட்சையும் தொடர் இணைப்பில் மாட்டிவிட்டால் என்ன ஆகும்? நான்கு நிலைகளையும் எழுதிப் பாருங்கள். அந்த டிராக்டரால் புல் வெட்ட முடியுமா?

3. அழுத்தமானி குறைந்த அளவைக் காட்டியது. ஆனால் எதிர்த் திசையில் திருப்பியபோது ஃபிளைவீல் நன்றாகத் துள்ளியது. இந்த என்ஜினைப் பற்றி நீங்கள் என்ன முடிவுக்கு வருவீர்கள்?

விடைகள்: 1. தகடு 3,600 சுற்று சுழலும். நுனியின் வேகம் விநாடிக்கு சுமார் 94 மீட்டர். எல்லைக்குள் இருக்கிறது, ஆனால் மயிரிழையில்தான். 2. ஆள் அமர்ந்து, தகடும் நின்றிருந்தால் மட்டுமே என்ஜின் ஓடும். தகட்டை இயக்கிய கணமே அணைந்துவிடும். புல் வெட்டவே முடியாது. 3. அமுக்கம் சரியாக இருக்கிறது. மானியை ஏமாற்றியது, ஸ்டார்ட் செய்வதை எளிதாக்க வால்வைத் திறந்து வைக்கும் அமைப்புதான்.